கோகோல் ஏன் இப்படி எரிச்சலூட்டுகிறான்? "தி நேம்சேக்" பாத்திரங்கள் பற்றி ஒரு கேள்வி

பாதியில்_நின்றவள்:

வாசகர் வட்டத்தில் அடுத்த வாரம் ஜும்பா லாஹிரியின் "தி நேம்சேக்" நாவலைப் பற்றி நான்தான் பேச வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய ஒரு வங்காளிக் குடும்பத்தின் கதை, மகன் பேர் கோகோல். தலைப்பு பாத்திரங்கள். புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், குறிப்பும் நிறைய எடுத்தேன், ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் "இரண்டு கலாசாரங்களுக்கு நடுவே சிக்கித் தவிக்கும் இளைஞன்" என்ற அந்த ஒரே வாக்கியத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் சொல்ல எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இன்னொரு சிக்கல், எனக்கு கோகோலைப் பிடிக்கவில்லை. படித்த, வசதியான வீட்டுப் பையன். யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பேர் பிடிக்கவில்லை என்று பதினெட்டு வயதில் கோர்ட்டுக்குப் போய் நிகில் என்று மாற்றிக்கொள்கிறான், அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. அப்பா அம்மாவுக்கு ஒழுங்காக ஒரு போன் பண்ணுவதில்லை. காதலி வீட்டிலேயே போய்க் குடியிருக்கிறான். ஒரு கட்டத்தில் "உனக்கு என்னதான்டா பிரச்சினை?" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் (என் பேரே அதுதான், பார்த்தீர்கள் அல்லவா).

இவனை எப்படி வாசிப்பது? அவன் எரிச்சலூட்டுவது நாவலின் குறையா, அல்லது நான்தான் எதையோ தவறவிட்டேனா?

பழையதாள்:

தவறவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன், எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் கலாசாரம் என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறொன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையில் யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும்?

1961 அக்டோபரில் கோகோலின் அப்பா அசோக் ஜாம்ஷெட்பூருக்குப் போகும்போது ரயில் கவிழ்கிறது. அவருக்கு வயது 22. கையில் ரஷ்ய எழுத்தாளர் நிகோலாய் கோகோலின் கதைத் தொகுப்பு, "மேலங்கி" கதையின் பக்கம். இடிபாடுகளுக்கு நடுவே அசைய முடியாமல் கிடக்கிறார். கையில் இருந்த ஒரு கசங்கிய தாள் விழுந்த அசைவுதான் தேடுகிறவர்கள் கண்ணில் படுகிறது, உயிர் பிழைக்கிறார். அந்த எழுத்தாளர் பேரைத்தான் பிறகு மகனுக்கு வைக்கிறார். இந்த விஷயம் முதல் அத்தியாயத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, பையன் பிறப்பதற்கு முன்பே. ஆனால் பையனுக்கு எப்போது தெரிகிறது? பேரை மாற்றிக்கொண்டு கல்லூரிக்கும் போன பிறகு. அதாவது கிட்டத்தட்ட இருபது வருடம் அவன் தன் பேரை அப்பாவின் ஒரு கிறுக்கு ரசனை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். நமக்கு மட்டும் அது ஒரு உயிரின் விலை என்று தெரியும். உங்கள் எரிச்சலில் பாதி இந்த இடைவெளியிலிருந்து வருகிறது. தெரியாதவன் நடந்துகொள்வதைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிறோம்.

பதினான்காவது பிறந்தநாள் காட்சியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்பா அந்தக் கதைப் புத்தகத்தைப் பரிசாகக் கொண்டுவருகிறார், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்ற நினைப்போடு அறை வாசலில் நிற்கிறார், பையனோ பாட்டு கேட்கும் அவசரத்தில் இருக்கிறான். பிறந்தநாளில் சாவைப் பற்றி எதற்கு என்று அவரும் சொல்லாமல் போய்விடுகிறார். புத்தகம் அலமாரிக்குப் போகிறது. இதில் எது வங்காளம், எது அமெரிக்கா? ஒரு அப்பா சொல்லத் தயங்குகிறார், ஒரு பையனுக்குக் கேட்கப் பொறுமையில்லை, அவ்வளவுதான். எந்த நாட்டு வீட்டிலும் நடக்கும்.

அதனால் பேச்சைக் கோகோலிடம் ஆரம்பிக்காதீர்கள், அசோக்கிடம் ஆரம்பியுங்கள். ஒரு பாத்திரம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த பாத்திரம் தானாகத் திறக்கும். பேர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கும்போது "நிகில்" என்ற பேரை வேண்டாம் என்றவனும் இவன்தான். அதே பேருக்காகப் பதினெட்டில் கோர்ட்டுக்குப் போகிறவனும் இவன்தான். ஆக அவனுக்கு வேண்டியது பேர் இல்லை, அதை யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான்.

வெறுங்கால்:

மேலே சொன்னது சரி. ஆனால் எனக்கு ஒரு வருத்தம், எல்லோரும் அப்பா மகன் என்றே பேசுகிறார்கள். இதை "வளர்ந்து ஆளாகும் கதை" என்று வைத்தால், இதில் உண்மையில் வளர்கிற ஆள் அம்மா ஆஷிமா.

நாவல் திறப்பதே அவளோடுதான், கோகோலோடு இல்லை. 1968 ஆகஸ்ட், கேம்பிரிட்ஜ், நிறைமாதம். அமெரிக்கக் கடையில் கிடைத்த அரிசிப்பொரியும் வேர்க்கடலையும் வெங்காயமும் கலந்து, கல்கத்தா நடைபாதையில் விற்கும் பண்டத்தைப் போல ஏதோ ஒன்று செய்து பார்க்கிறாள், கடுகெண்ணெய் இல்லையே என்று ஏங்குகிறாள். புருஷன் பேரை வாயால் சொல்லாதவள். பெண் பார்க்க வந்த அன்று, அவரைப் பார்ப்பதற்கு முன்பே, வாசலில் கழற்றி வைத்திருந்த அவருடைய ஷூவுக்குள் யாருக்கும் தெரியாமல் கால் நுழைத்துப் பார்த்தவளும் இவள்தான்! அந்த ஒரு செயலில் ஆஷிமாவின் முழுக் குணமும் இருக்கிறது என்பேன். வெளியே அடக்கம், உள்ளே தனக்கென்று ஒரு துணிச்சல். விமர்சனம் எழுதுகிறவர்கள் அவளை "தாய்நாட்டுக்கு ஏங்கும் அம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், கோபமாக வரும்.

அப்புறம் அந்த முகவரிப் புத்தகங்கள். அமெரிக்காவில் தெரிந்துகொண்ட ஒவ்வொரு வங்காளியின் முகவரியையும் தன் கையால் எழுதி, பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள். சொந்தக்காரர் இல்லாத ஊரில் சொந்தத்தைக் கையெழுத்தால் உண்டாக்குகிறாள். அசோக் ஒஹாயோவில் இறந்த செய்தி போனில் வரும்போதும் அவள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கடைசியில் வீட்டை விற்றுவிட்டு ஆறு மாதம் கல்கத்தா, ஆறு மாதம் அமெரிக்கா என்று தீர்மானிக்கிறாள். அவள் பேருக்கு எல்லையற்றவள் என்று அர்த்தம், அதை நாவலே சொல்கிறது. பேருக்கேற்றபடி வாழ்ந்துவிட்டவள் அவள் ஒருத்தி. மகன் பேரோடு மல்லுக்கட்டிய அத்தனை வருடமும் இவள் சத்தமில்லாமல் இதைச் செய்திருக்கிறாள்.

(2006இல் வந்த மீரா நாயர் படத்தில் ஆஷிமாவாகத் தபு நடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். படம் கதையை நியூயார்க்குக்கு நகர்த்திவிட்டது, அது தனி வழக்கு.)

நடுப்பக்கம்:

ஆஷிமா பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழையதாள் கலாசாரத்தை அப்படியே மூட்டை கட்டச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. மூட்டை கட்டினால் கோகோலின் காதலி மாக்ஸின் வீட்டுக் காட்சிகளை என்ன செய்வீர்கள்?

நியூ ஹாம்ப்ஷயர் ஏரிக்கரை வீட்டில் கோகோலின் இருபத்தேழாவது பிறந்தநாள் விருந்து. ஒரு பெண்மணி அவனிடம், இந்தியாவுக்குப் போனால் உனக்கெல்லாம் உடம்புக்கு ஒன்றும் வராது இல்லையா என்கிற மாதிரிப் பேசுகிறாள். மாக்ஸினின் அம்மா குறுக்கிட்டு, அவன் அமெரிக்கன்தான், இங்கே பிறந்தவன் என்கிறாள். சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பி, இல்லையா என்று கேட்கிறாள். இத்தனை மாதம் தன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறவன் எங்கே பிறந்தான் என்பது அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை. இதை எல்லா வீட்டிலும் நடக்கும் அப்பா மகன் கதை என்று சொல்ல முடியாது. யாரும் கெட்டவர்கள் இல்லை, நல்லவர்களே கேட்கிற கேள்வி அது, அதனால்தான் வலிக்கிறது. பாதியில்_நின்றவள், "உனக்கு என்ன பிரச்சினை" என்று கேட்டீர்களே, ஒரு வரியில் வேண்டுமென்றால் அந்த "இல்லையா" தான்.

அதே மாக்ஸின், அசோக் இறந்த பிறகு துக்க வீட்டுக்கு வந்து, இதிலிருந்தெல்லாம் கொஞ்சம் விலகி எங்காவது போய்வரலாம் என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறாள். எனக்கு விலக வேண்டாம் என்கிறான். அதுவரை அவன் செய்ததெல்லாம் விலகல்தான். எனக்கு அவனைப் பிடிக்க ஆரம்பித்தது அந்த இடத்தில்.

ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் தட்டையான பாத்திரம் (ஒரே குணத்தில் அடங்கிவிடுவது), உருண்டையான பாத்திரம் என்று பிரித்தார். உருண்டையானதற்கு அவர் வைத்த சோதனை, நம்பும்படியாக நம்மை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது. இதைக் கோகோலின் மனைவி மௌஷுமிக்கு வைத்துப் பாருங்கள். வங்காளமும் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம் என்று பிரெஞ்சு மொழிக்குள் ஓடியவள், மூன்றாவது ஒரு இடம் கிடைத்தால் தப்பிக்கலாம் என்று நம்பியவள். பெற்றோர் ஏற்பாட்டில் கோகோலைச் சந்திக்கிறாள், கல்யாணமும் ஆகிறது, பிறகு டிமிட்ரி என்ற இன்னொருவனோடு தொடர்பு. பலர் இவளை வில்லி ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் ஆசிரியர் அவள் பார்வைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார், மாக்ஸினுக்கு அது கிடையாது. இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு: மாக்ஸின் கடைசிவரை தட்டையாகவே இருக்கிறாள். அது வேண்டுமென்றே செய்ததா என்பதில் என் நண்பர்களோடு பல தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

பழையதாள்:

நடுப்பக்கம், அந்த "இல்லையா" எனக்கு மறந்தே போயிருந்தது. மூட்டையை அவிழ்த்துவிடுகிறேன், சரி. ஆனால் அந்தக் கேள்வியில் அவன் திணறுவதற்குக் காரணம், தன் கதை தன்னிடமே முழுசாக இல்லாதது என்று இப்போதும் சொல்வேன். அப்பா சாகும்வரை அந்தப் புத்தகத்தை அவன் படிக்கவே இல்லை பாருங்கள்.

பாதியில்_நின்றவள்:

எல்லோருக்கும் நன்றி. அந்த விருந்துக் காட்சியை இப்போதுதான் மறுபடி படித்தேன், முதல் தடவை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. பழைய குறிப்புகளில் முக்கால்வாசியை அடித்துவிட்டேன். ஷூ, முகவரிப் புத்தகம், பிறந்தநாள் பரிசு, "இல்லையா" என்று நான்கு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். கோகோலைப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கோபம் போய்விட்டது.

ஒரு கேள்வி பாக்கி. தங்கை சோனியாவைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே? அவளும் அதே வீட்டில்தானே வளர்ந்தாள், அவளுக்கு மட்டும் எப்படி இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை?

வெறுங்கால்:

நல்ல கேள்வி! அவளுக்கு வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று இரண்டு பேர் வைக்கவில்லை. மகன் விஷயத்தில் பட்டது போதும் என்று பெற்றோர் சோனாலி என்ற ஒரே பேரை வைக்கிறார்கள், அது சோனியா ஆகிவிடுகிறது. ஒருவிதத்தில் அண்ணன் பட்ட பாட்டில் தங்கை தப்பித்துக்கொண்டாள். அப்பா போன பிறகு திரும்பி வந்து அம்மாவோடு இருப்பதும் அவள்தான்.

பேச்சுக்கு ஐந்தாவது காட்சி வேண்டுமென்றால் இரண்டு குழந்தைகளின் சோறூட்டு விழாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆறு மாதக் கோகோலுக்கு முன்னால் தட்டில் மண், பேனா, டாலர் நோட்டு வைத்து எதைத் தொடுகிறான் என்று பார்க்கிறார்கள். எதையும் தொடாமல் அழுதுவிடுகிறான். தன் விழாவில் சோனியா மண்ணை அளைந்து விளையாடிவிட்டு டாலர் நோட்டை வாயில் போடப் பார்க்கிறாள்.