புதுப்பிப்பு: தண்ணீரில் இறங்காத புரோபோலிஸ், எது கைகொடுத்தது

தேனீப்பெட்டிச் சட்டங்களில் சுரண்டிய புரோபோலிஸை (தேனீக்கள் மரப்பிசினைச் சேகரித்துக் கூட்டில் பூசும் பிசின்) தண்ணீரில் ஊறவைத்தும் கொதிக்கவைத்தும் சாரம் இறங்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது 70 சதவீத எத்தனால் (ஆல்கஹால்) யோசனைதான். முதலில் பிசினை ஃப்ரீசரில் வைத்து இறுக்கிப் பொடித்தேன், இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். எத்தனாலில் போட்டு, இருட்டில் வைத்து, அவ்வப்போது குலுக்கியதில் கரும்பழுப்பு நன்றாக இறங்கியது. அப்புறம் மறுபடி குளிரவைத்து வடிகட்ட, மெழுகு தனியே நின்றுவிட்டது. மெத்திலேட்டட் ஸ்பிரிட் மட்டும் வேண்டாம், அதில் மெத்தனால் என்ற நச்சு இருக்கும்.

புரோபோலிஸில் உள்ள முக்கியச் சேர்மங்களான பினோசெம்பிரின், கலாங்கின், கிரைசின் போன்ற ஃபிளவனாய்டுகளும் (தாவரச் சேர்மங்கள்) கஃபெயிக் அமில எஸ்டர்களும் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். அதனால்தான் கொதிக்கவைத்தும் பலனில்லை. கரைசலைத் தண்ணீரில் விட்டால் பால்போல் கலங்குவதும் இதே காரணத்தால்தான், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று. முன்கையில் ஒரு சொட்டு தடவிச் சோதித்தேன். அன்று ஒன்றுமில்லை, பிறகு சிவந்து அரித்தது. கிருமியைத் தடுப்பதாகப் பேசப்படும் அதே கஃபெயிக் அமில எஸ்டர்கள்தான் தொடுகை ஒவ்வாமைக்கும் முக்கியக் காரணமாம். புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். சரி, ஆய்வகத் தட்டில் அப்படி நடப்பது உண்மை, ஆனால் அதை வைத்து மனிதருக்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது.

சருமத்துக்கு இனி இல்லை. மீதிக் கரைசலைக் காலிப் பெட்டிகளின் உட்பலகையில் பூசிவிட்டேன்.