புதுப்பிப்பு: அம்மாவோடு கூடாரத்தில் இரண்டு ராத்திரி

அமெரிக்காவில் இருக்கும் தம்பி கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கக் கூப்பிடுகிறான், அம்மாவுக்கு ஒத்துவருமா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். அக்டோபரில் போய்விட்டு நேற்றுதான் தக்கலை வந்து சேர்ந்தோம். ஒத்துவந்தது, குளியலைத் தவிர.

எல்க்மான்ட் முகாமில் ஒரு மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், நல்ல கழிப்பறை, குழாயில் பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான். கரண்ட் இல்லை, குளியலறையே கிடையாது. முகம் கழுவிவிட்டு அம்மா சொன்னாள்: "மக்களே, இதுக்கு திற்பரப்பு அருவி வெந்நீராக்கும்."

கரடி பற்றிக் கேட்டவர்களுக்கு: நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் சாப்பாடு, பாத்திரம், பற்பசை, சோப்பு வரை எல்லாவற்றையும் காருக்குள் பூட்ட வேண்டும்; வாசனைக்குத்தான் அது வருமாம். நான் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் கூடாரத்திலேயே மறந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஞாபகம் வந்து, டார்ச்சோடு ஓடினேன். தம்பி இன்னும் சிரிக்கிறான்.

விறகை வெளியிலிருந்து சும்மா கொண்டுபோக முடியாது. மரத்தைக் கொல்லும் பூச்சிகள் கூடவே வந்துவிடும் என்பதால், சூட்டில் பதப்படுத்தி முத்திரை குத்திய கட்டுதான் வாங்க வேண்டும்.

அப்புறம், 6,643 அடி உயரக் குவோஹி சிகரத்துக்கும் போனோம். 2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்றிருந்த இடம். மேலே ஒரே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. சுக்குக்காப்பி மட்டும் குடித்துவிட்டு இறங்கினோம்.