ஏழு ஆண்டுப் படிப்பும் ஒரு சமையலறை அலமாரியும்

வரைபலகை (டர்பன்):
டர்பனில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்ற மாதம் வேலையை விட்டேன். அந்த ஆறு ஆண்டுகளில் நான் வரைந்தவற்றில் பெரும்பகுதி வணிக வளாகங்களின் கழிப்பறைகளும் அவசரப் படிக்கட்டுகளும்தான். இனி வீடுகளின் உள்வடிவமைப்பை மட்டும் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "திரைச்சீலை தைக்கவா இவ்வளவு படித்தாய்?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். துறை அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்: இது உண்மையிலேயே இறங்கிப் போவதுதானா?

நேட்டால்வாசி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
மகளே, உறவினர் பேசிய விதம் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் குவான்டிட்டி சர்வேயராக, அதாவது கட்டுமானச் செலவைக் கணக்கிடுபவனாக, இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்றாண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை, அதன் பின் குறைந்தது ஈராண்டுப் பயிற்சி, அதற்கும் மேல் ஒரு தொழில்முறைத் தேர்வு என்று ஏழு ஆண்டுகளைக் கொடுத்துத்தான் கட்டடக் கலைஞர் என்ற பதிவை வாங்கியிருக்கிறாய். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு 44-ஆம் எண் கட்டடக்கலைத் தொழில் சட்டப்படி, பதிவில்லாத எவரும் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. உள் அலங்காரத்துக்கு இந்நாட்டில் அப்படி ஒரு சட்டக் காப்பு இல்லை. நாளைக் காலையில் நானே ஓர் அட்டை அச்சடித்துக்கொண்டு கிளம்பலாம். போதாக்குறைக்கு, அலமாரி விற்கும் கடைகள் வரைபடத்தை இலவசமாகவே போட்டுத் தருகின்றன. வேலி போட்ட தோட்டத்தை விட்டுவிட்டுச் சந்தைக்கு நடுவே போய் ஏன் நிற்க வேண்டும்?

வரைபலகை:
ஐயா, அந்த இலவச வரைபடத்தின் விலை அலமாரியின் விலைக்குள் இருப்பதைக் கணக்குப் பார்த்தே வாழ்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அண்மையில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்காக 1960-களில் கட்டப்பட்ட, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் சிறிய வீடு. சமையலறையைக் கூடத்தோடு சேர்த்துத் திறந்துவிடலாம் என்று முன்பு வந்த அலங்காரக்காரர் படம் போட்டுக் கொடுத்திருந்தார். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இடிக்கச் சொன்னது கூரையைத் தாங்கும் சுவர், கூரையோ பழைய ஆஸ்பெஸ்டாஸ். சுமை தாங்கும் சுவரில் கை வைக்க வேண்டுமானால் 1977-ஆம் ஆண்டுக் கட்டட விதிச் சட்டத்தின்படி நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். அந்த வரைபடத்தில் பதிவு பெற்றவரின் கையெழுத்தும் வேண்டும். என் ஏழு ஆண்டுகள் அந்தக் கூடத்துக்குள்தான் பயன்பட்டன.

வெயிலையும் சொல்ல வேண்டும். டர்பன் ஏறக்குறைய 30 பாகை தெற்கில் இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கு வானில்தான் நிற்கிறது. நண்பகல் சூரியன் பெரும்பாலும் தெற்கில் நிற்கும் இந்தியாவிலிருந்து வந்த வாஸ்து நூலைப் புரட்டி அறைகளை ஒதுக்குகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. மேற்குச் சன்னலில் மாலை வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு எவ்வளவு கனத்த திரை போட்டாலும் வெப்பம் அறைக்குள்ளேயேதான் தங்கும். மாலை வெயில் தாழ்ந்து வருவதால், சன்னலுக்கு வெளியிலேயே ஒரு செங்குத்து மறைப்பு இருந்தால்தான் அது தடுபடும். திரைச்சீலை பற்றி என் உறவினருக்கு நான் சொல்ல நினைத்து விழுங்கிய பதிலும் இதுதான்.

உளி (சாட்ஸ்வர்த்):
நான் அலமாரி செய்கிறவன். தங்கை சொல்வதெல்லாம் சரி, ஆனால் கட்டடக் கலைஞர்கள் என் பட்டறைக்கு அனுப்பும் வரைபடங்களில் ஒன்றிலாவது சுவர் கோணலாக இருந்து நான் பார்த்ததில்லை. இங்குள்ள பழைய வீட்டில் 3 மீட்டர் சுவருக்கு 18 மில்லிமீட்டர் கோணல் இருக்கும். படத்தில் இருப்பதோ துல்லியமான 90 பாகை. அந்த 18 மில்லிமீட்டரைப் பட்டி வைத்து, இழைத்து மறைப்பது என் வேலையாகிவிடுகிறது. கூலியில் அது சேர்வதில்லை. கழுவுதொட்டிக்குக் கீழே சாதாரண சிப்போர்டு (மரத்துகள் பலகை) என்று எழுதி அனுப்புகிறார்கள். இந்தக் கடற்கரை ஈரத்தில் குழாய் ஒருமுறை கசிந்தாலே அது ரொட்டி மாதிரி உப்பிவிடும். ஏழு ஆண்டுகளில் ஒரு நாளாவது பட்டறையில் நிற்க வைத்தார்களா?

குத்துவிளக்கு (டர்பன்):
வீட்டுக்காரியாக ஒரு வார்த்தை சொல்கிறேன். எங்கள் வீட்டைச் செய்தவர் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர்தான். எந்த நிறம், எந்தக் கல் என்றெல்லாம் கேட்டார். புரட்டாசி விரதத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் பாத்திரங்கள் பதினோரு மாதம் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. அவை இன்றும் படுக்கையறையில் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில்தான் இருக்கின்றன. பூசை மாடத்துக்கு மேல் பளபளப்பான வெள்ளைத் தட்டு வைத்தார். மூன்றே மாதத்தில் விளக்குப் புகை அதில் கறுப்பு வட்டமாகப் படிந்துவிட்டது. மேடையின் உயரம் வழக்கமான 900 மில்லிமீட்டர். என் மாமியாரோ ஐந்தடிக்கும் குறைவு, முக்காலி மேல் நின்று ரொட்டி தேய்க்கிறார். இதையெல்லாம் எந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள்?

வரைபலகை:
அக்கா, படிப்பில் இது இல்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வீட்டின் உள்ளே வேலை செய்வதைக் கீழானதாகப் பெரிய கட்டடக் கலைஞர்கள் நினைத்ததில்லை. இலங்கையின் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஒரு சந்தில் அடுத்தடுத்து இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகப் பெற்று, சுவர்களைத் திறந்து, முற்றங்களை விட்டு, பல ஆண்டுகள் எடுத்து ஒரே வீடாக்கினார். நம் வரிசை வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

நேட்டால்வாசி:
பாவா தம் சொந்த வீட்டில் தம் சொந்தப் பணத்தில் செய்தார், மகளே. உன் வாடிக்கையாளருக்கு நான்கு வீடு ஏது? பாதி வீடுதான் இருக்கிறது. நீ சொன்ன சுவர் விஷயத்தை மறுக்க மாட்டேன். ஆனால் சுவரில் கை வைக்காத வீடுகள்தான் உனக்கு அதிகம் வரும். அங்கே உன் கையெழுத்தை யாரும் கேட்கப்போவதில்லை. என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. போவதென்றே முடிவு செய்துவிட்டாய் என்றால், உன் கட்டணத்தை அலமாரி விலையோடு கலக்காமல் தனியே எழுதிக் கையெழுத்து வாங்கு. கடைக்காரனிடம் கமிஷன் வாங்கினால் அதையும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு.

உளி:
தங்கை, அடுத்த சனிக்கிழமை இங்கே ஒரு பழைய சமையலறையில் அளவெடுக்கிறேன். வந்தால் மூலைமட்டம் வைத்துக் காட்டுகிறேன்.

வரைபலகை:
எத்தனை மணிக்கு வரவேண்டும் அண்ணா? அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். அவருடைய முழங்கை உயரத்தையும் அளக்க வேண்டும்.