ட்ரையல்ஸ் பைக் ஓட்டுற பையன் ரெண்டடிக் கல்லுலயே நிக்கிறான், என்ன பண்ணலாம்?

திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக்:

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல 22 வருஷமா டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். எழுத்து நமக்கு ஓடாது. நான் சொல்லச் சொல்ல எம்பொண்ணு டைப் பண்றா.

பையனுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கிறான். ரெண்டு வருஷம் முன்னாடி போன்ல டோனி போவ் வீடியோ பார்த்தான். 2007-லேருந்து வருஷா வருஷம் உலகப் பட்டம் வாங்குற ஸ்பெயின்காரர். வீட்டுச் சுவர் உசரம் இருக்கிற பாறை மேல பைக்கோட ஏறி நிப்பார். ட்ரையல்ஸ்ல வேகமே கிடையாது, ரேஸும் கிடையாது. கால் தரையில படாம பாறை, ஓடை, மரம்னு எல்லாத்தையும் தாண்டணும். அன்னைக்குப் பிடிச்சது, இன்னும் விடலை.

அந்த மாதிரி வண்டிக்கு நான் எங்க போறது? பால்காரர் ஒருத்தர்கிட்ட பழைய மேக்ஸ் 100 இருந்துச்சு, 7,000 ரூபாய்க்குப் பிடிச்சேன். ஆர்எக்ஸ் 100-ல பண்ணலாமேன்னு கேட்பீங்க. இன்னைக்கு அதுல ஹாக்ஸா பிளேடு வச்சா ஊரே திரண்டு அடிக்க வரும். தவிர அது மேல்சுத்துல, அதாவது இன்ஜின் வேகமாச் சுத்துறப்ப, இழுக்கிற வண்டி. பால் கேன் சுமந்த மேக்ஸுக்குத்தான் அடிசுத்துல உயிர் இருக்கு. சீட்டு, மட்கார்டு, கேரியர் எல்லாம் கழட்டி, சின்ன டேங்க் வச்சு, பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டேன். இரும்புக் கடைத் தராசுல 81 கிலோ.

கேப்பர் மலை அடிவாரத்துல மச்சானோட முந்திரித் தோப்பு இருக்கு. செம்மண்ணு, செம்புராங்கல்லு, மழைக்கு அறுத்த ஓடை எல்லாம் அங்கயே. முதல் மூணு மாசம் வண்டியை நிறுத்தி வச்சு, ஃபுட்ரெஸ்ட் மேல நிக்கிறது மட்டும்தான். 3 செகண்டுல ஆரம்பிச்சு 40 செகண்ட் வந்தான். அப்புறம் ஒரு அடிக் கல், ஒன்றரை அடிக் கல். ஏறுனதும் இஞ்சு டேப் வச்சு அளந்து முந்திரி மரத்துல சாக்பீஸால கோடு போடுவேன்.

எட்டு மாசமா கோடு மேல போகலை. ரெண்டடிக் கல்லுல முன்சக்கரம் ஏறுது, பின்சக்கரம் மாட்டேங்குது. போன வாரம் மல்லாந்து விழுந்ததுல ஹேண்டில்பார் வளைஞ்சு போச்சு. அவங்கம்மா பேசறதை இங்க எழுத முடியாது. வெளிநாட்டு வண்டி விலை கேட்டேன், ஒர்க்‌ஷாப்பை வித்தாத்தான் ஆகும். குறை வண்டியிலயா, பையன்கிட்டயா?

(அப்பா சொல்லாதது: பக்கத்துல நின்னு கத்தாம இருந்தா அண்ணன் இன்னும் நல்லா ஓட்டுவான். இப்படிக்கு டைப் பண்றவ.)

லாஸ்பேட்டை டர்ட் ரைடர்:

அண்ணே, மேக்ஸை வச்சு எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவீங்க? செகண்ட்ஸ்ல ஒரு எக்ஸ்பல்ஸ் எடுங்க, ஹீரோவோட காட்டுப்பாதை வண்டி. சஸ்பென்ஷன் டிராவல் நல்லா இருக்கு, ரெண்டடி எல்லாம் தூக்கிட்டுப் போயிடும்.

திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக்:

தம்பி, அது 150 கிலோவுக்கு மேல. எம்பையன் 46 கிலோ. வண்டி அவனைத் தூக்கிட்டுப் போயிடும்.

மஞ்சக்குப்பம் அக்கா:

ஒண்ணு மட்டும் கேட்கிறேன். தோப்புக்கு அவனே ஓட்டிட்டுப் போறானா? 2019-ல சட்டத்தைத் திருத்தினதுலேருந்து, சின்னப் பையன் ரோட்டுல ஓட்டி மாட்டினா பெத்தவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். அவனுக்கும் 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக்:

குட்டி யானையில ஏத்தித்தான் போறோம்மா. ஹெல்மெட், முட்டிக் கவசம், ஷூ இல்லாம கிக்கரை மிதிக்க விடமாட்டேன்.

பண்ருட்டி லேத்துக்காரர்:

பின் டயர்ல காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க? அதைச் சொல்லாம மத்ததைப் பேசிப் பிரயோஜனம் இல்ல.

திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக்:

22.

பண்ருட்டி லேத்துக்காரர்:

மெக்கானிக்கு பேசுற பேச்சா இது! 22-ல டயர் பந்து மாதிரி துள்ளும், கல்லைக் கவ்வாது. நிஜ ட்ரையல்ஸ் வண்டியில பின்னாடி 4, 5 தான் இருக்கும். அந்த டயர் அதுக்குன்னே மெத்துன்னு செஞ்சது. நம்ம டயருக்கு 8, 9 வச்சுப் பாருங்க. ட்யூப் டயர்ங்கறதால ஒரு ஆபத்து இருக்கு. காத்து கம்மியானா டயர் ரிம்முல நழுவி ட்யூபையும் இழுத்துக்கிட்டுப் போகும், வால்வு பிய்ஞ்சுடும். டயரை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற ரிம் லாக் போடாம இறக்காதீங்க.

ரெண்டாவது, இன்ஜினோட சேர்ந்து சுத்துற மேக்னட்ல கொஞ்சம் எடை ஏத்துங்க. ஒரு வளையம் கடைஞ்சு பேலன்ஸ் பார்த்துப் போட்டா மெதுவாப் போறப்ப இன்ஜின் பொசுக்குன்னு அணையாது. இரட்டை ஷாக்குன்னு கவலை வேண்டாம். 1975-ல உலகச் சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சப்ப எல்லாருமே இரட்டை ஷாக்குலதான் ஓட்டினாங்க.

புதுவை–பிரான்ஸ்:

அண்ணா, நான் முத்தியால்பேட்டைக்காரன். பிரான்ஸுக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. எங்க பக்கத்து கிளப்புல ட்ரையல்ஸ் நடந்தா ஞாயித்துக்கிழமை அப்சர்வரா, அதாவது மார்க் போடுறவனா, நிப்பேன். கையில பஞ்ச் பண்ற மெஷின், காலுக்குக் கீழ சேறு, பையில தெர்மாஸ் காபி. அவ்வளவுதான் என் தகுதி.

உங்க பதிவுல என்னை உறுத்துனது அந்த இஞ்சு டேப்புதான். இத்தனை வருஷத்துல கல்லோட உசரத்தை என்கிட்ட யாரும் கேட்டதில்ல. ஒரு செக்‌ஷனை, அதாவது எல்லை கட்டி விட்ட ஒரு துண்டுப் பாதையை, முடிக்கிறதுக்குள்ள எத்தனை தடவை கால் ஊனினான்னுதான் நாங்க பார்ப்போம். ஊனலைன்னா 0. ஒரு தடவைன்னா 1, ரெண்டு தடவைன்னா 2, அதுக்கு மேல எத்தனை ஊனினாலும் 3. விழுந்தா, எல்லையைத் தாண்டினா 5. நாலு கிடையாது. கடைசியில யாருக்கு எண்ணிக்கை கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க. ரெண்டடி தாவி ஏறிட்டு, இறங்குற இடத்துல மூணு தடவை கால் ஊனுறவனை, முக்கால் அடியைச் சுத்தமா தாண்டுற பொடியன் ஜெயிச்சுட்டுப் போறதை நிறைய பார்த்திருக்கேன்.

அதனால கல்லைக் கொஞ்ச நாள் மறந்துடுங்க. தோப்புல குச்சி நட்டு நாடா கட்டி எட்டு செக்‌ஷன் போடுங்க. ஒவ்வொண்ணும் வளைவு, வேர், ஓடைக் கரைன்னு கலந்து இருக்கட்டும். ஓட்டுறதுக்கு முன்னாடி அவன் நடந்து பார்க்கணும். எந்தக் கல்லுல சக்கரம், எங்க கிளட்ச்னு மனசுல ஒரு தடவை ஓட்டிடணும். மூணு சுத்து. மார்க் அட்டை உங்க மகள் கையில. நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. கோவிச்சுக்காதீங்க, டைப் பண்ற பாப்பா சொன்னது நூத்துக்கு நூறு.

பின்சக்கரம் பத்தி: முன்சக்கரம் கல்லோட விளிம்பைத் தொட்டதுமே ஆக்சிலேட்டரைக் குறைச்சு முட்டியைத் தளர்த்தணும். அப்பதான் பின்சக்கரம் தானா உருண்டு ஏறும். பயத்துல இன்னும் முறுக்கினா வண்டி செங்குத்தா எழும்பும். மல்லாந்து விழுந்தது அதனாலதான் இருக்கும். இன்ஜினை நிறுத்துற கயிறு மணிக்கட்டுல கட்டியிருக்கானா? இல்லைன்னா முதல்ல அதைப் பண்ணுங்க. வீட்டுல பழைய சைக்கிள் இருந்தா இந்தப் பழக்கத்தை அதுல பண்ணச் சொல்லுங்க. டோனி போவே சின்ன வயசுல சைக்கிள் ட்ரையல்ஸ் ஓட்டினவர்தான்.

திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். கயிறு கட்டியாச்சு. ரிம் லாக் நானே கடைஞ்சு போட்டு காத்தை 9-க்கு இறக்கினேன். முதல் நாளே டயர் கல்லு மேல அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டுது. பண்ருட்டி அண்ணனுக்கு ஒரு பலாப்பழம் கடன். பலாவூருக்கே பலாவான்னு கேட்காதீங்க.

வீட்டம்மாவோட பழைய புடவையைக் கிழிச்சு நாடா கட்டி எட்டு செக்‌ஷன் போட்டோம். எனக்கு வேலை டீ வாங்கிட்டு வர்றது மட்டும். எட்டு செக்‌ஷன், மூணு சுத்து, எல்லாத்துலயும் சொதப்பினா 120. முதல் ஞாயிறு 67 வாங்கினான்.

மகள் அட்டையைக் காட்டினப்பதான் எனக்கு உறைச்சுது. அவனுக்கு 5 விழுந்த இடம் எதுவும் கல்லே இல்ல. எல்லாம் இடதுபக்க வளைவு. ஹேண்டிலை முழுசா ஒடிச்சு வலதுபக்கம் அழகாத் திரும்புறான். இடதுபக்கம் திரும்பினா உடம்பை வெளிப்பக்கம் சாய்க்காம வண்டியோட சேர்ந்தே சாயுறான். ரெண்டு வருஷமா பக்கத்துலயே நின்னும் எனக்கு இது தெரியலை, கண்ணு பூரா கல்லு மேலயே இருந்திருக்கு. ஒர்க்‌ஷாப் வாசல்ல ரெண்டு செங்கல் வச்சு, சாயங்காலம் அரை மணி நேரம் சைக்கிள்ல இடதுபக்கம் மட்டும் சுத்தறான். ரெண்டாவது ஞாயிறு 58. நேத்து 41. கல்லுப் பக்கம் போகவே இல்ல.

பரீட்சை முடியற வரைக்கும் ஞாயிறு காலை ரெண்டு மணி நேரம்தான்னு அவங்கம்மா உத்தரவு.

பிரான்ஸ் தம்பிக்கு ஒரு சந்தேகம். ஆறாவது செக்‌ஷன்ல ஹேண்டில் பட்டு குச்சி சாஞ்சு போச்சு. கால் ஊனலை, விழலை. மகள் 5 போட்டுட்டா. அவன் 0-ங்கறான். ராத்திரி ரெண்டு பேரும் தட்டுல கைய வைக்காம சண்டை.

புதுவை–பிரான்ஸ்:

குச்சியை உரசிட்டுப் போனா ஒண்ணுமில்ல. சாஞ்சா 5. பாப்பா போட்டது சரி. சாப்பிடச் சொல்லுங்க.