படிப்பு ரத்தத்தில் வருவதா, வீட்டில் வருவதா?

பாம்பன்காரன்:
அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் வீடும் வல்லமும் போனபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது, சித்தப்பாவுக்கு மூன்று. மூத்தவர் கடலுக்குப் போனார். இளையவர் படித்து வாத்தியார் ஆனார். இன்று சித்தப்பா வீட்டில் ஒரு டாக்டர், ஒரு இன்ஜினியர். எங்கள் வீட்டில் நான் டிப்ளமோ, தம்பி விசைப்படகில் டிரைவர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ரத்தத்திலேயே மூளை" என்கிறார்கள். தாத்தா ஒருத்தர்தானே? என் மகள் நாலாவது படிக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.

மண்டபத்து மாப்பிள்ளை:
மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்கொடுக்கணுமா அண்ணே? ரத்தம்தான். அந்தப் பக்கம் இறங்கிருச்சு, விடுங்க.

கீழக்கரை வாசி:
அப்போ கலாம்? அவர் அப்பாவும் படகுக்காரர்தான். மெட்ராஸ் எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா நகையை அடகு வைத்தார். மூளை இருந்தது, சரி. நகை இல்லையென்றால்?

ராம்நாடு உயிரியல் வாத்தியார்:
தாத்தா ஒருவர்தான், ஆனால் அண்ணன் தம்பிக்கு ஒரே சீட்டு விழாது. தாயும் தகப்பனும் தங்கள் ஜீன்களில் பாதியைத்தான் தருகிறார்கள். எந்தப் பாதி என்பது குலுக்கல். அப்புறம், வாத்தியார் மாப்பிள்ளைக்குப் படித்த பெண்ணாகத் தேடியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் சித்தி பங்கும் உண்டு.

சுவாரசியம், பிள்ளைக்குப் போகாத அந்த மறுபாதியில்தான். 2018-இல் ஐஸ்லாந்தில் (அவர்களும் மீன்பிடிக்காரர்கள்தான்) இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். பெற்றோர் கடத்தாத ஜீன்களுக்கும் பிள்ளையின் படிப்போடு தொடர்பு இருந்தது. கடத்திய ஜீன்களின் பலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். உடம்புக்குள் வராத ஜீன் எந்த வழியாக வேலை செய்யும்? பெற்றோரை ஒரு மாதிரி ஆளாக்குகிறது, அவர்கள் வீட்டை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள், பிள்ளை அதில் வளர்கிறது. ஆக, ரத்தம் என்று ஊர் சொல்வதில் கொஞ்சம் வீடுதான். 'மூளை ஜீன்' என்று தனியாக ஒன்று கிடையாது; ஆயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றும் துளி. இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரை வைத்துப் போட்டது, உங்கள் மகளுக்கு ஜாதகம் எழுத உதவாது.

பாம்பன்காரன்:
சித்தி பத்தாவது வரை படித்தவர், உண்மைதான். அவர் வீட்டில் சாப்பிடும்போதே பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துவிட்டு, விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை கிலோ என்று சொல்வார், நான் எழுதணும். எனக்குக் கணக்கு வந்தது அங்கேதான். அப்பாவோடு படகில் போனதால் தம்பி அந்தக் கணக்குக்கு உட்கார்ந்ததே இல்லை. இதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

இப்போது மகள் எழுதுகிறாள். தப்பாகக் கூட்டினால் நோட்டைப் பார்க்காமலே அம்மா பிடித்துவிடுகிறார்.