லெஜர்டிமேன்னா என்ன? லெட்ஜர்ல இருந்தா வந்துச்சு?

தலவாக்கலை தங்கச்சி:
அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம், ஏ/எல் பரீட்சை ஜெனரல் இங்கிலிஷுக்கு பத்திரிகை வாசிச்சு சொல்லு சேக்குறேன், ஒரு செய்தில கம்பனி ஒன்னு கணக்குல லெஜர்டிமேன் பண்ணி நட்டத்த மறைச்சதுன்னு இருந்துச்சு. லெட்ஜர்னா கணக்குப் புத்தகம் தானே, அப்ப லெட்ஜர் எழுதுற ஆள் பண்ற திருகுதாளம்னு கொப்பில எழுதி வச்சிருக்கேன், சரியா?

பண்டாரவளை:
லெட்ஜர் வேற இது வேற தங்கச்சி. இது பிரெஞ்சு. லெஜேன்னா பாரமில்லாதது, கடைசில வர்ற மேன் ஆம்பள இல்ல, கை. சேத்தா 'லேசான கை'. 15ம் நூற்றாண்டுலயே இங்கிலிஷுக்கு வந்திருச்சு, மொதல்ல வித்தை காட்டுறவன் கைவேகத்துக்கு சொன்னது, பொறகு கணக்குல பேச்சுல ஏமாத்துறதுக்கும் போச்சு. மேனுவல், மேனுஸ்கிரிப்ட்லயும் இதே கைதான், லத்தீன்ல மானுஸ்.
இன்னொன்னு, எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான்: நம்ம லாவகம் இருக்குல்ல, அது லாகவம் எழுத்து இடம்மாறி வந்தது, லாகவம் சமஸ்கிருத லகுல இருந்து, லகுன்னாலும் பாரமில்லாதது தான், லெஜேக்கு மூலமான லத்தீன் லெவிஸும் இந்த லகுவும் ஒரே வேர். அப்ப கைலாகவமும் லெஜர்டிமேனும் கட்டின விதமே ஒன்னு!

மஸ்கெலியா அக்கா:
லாவகம்னு வாசிச்ச ஒடனே எங்கம்மா கை தான் கண்ணுல வருது. மட்டக்கம்ப தேயிலைச் செடி மேல போட்டுட்டு ரெண்டு கையும் ஓடும், ரெண்டு எலை ஒரு மொட்டு, முத்தல் ஒன்னு சேராது, கை நெறஞ்சதும் தோளுக்கு மேலால கூடைக்கு போயிரும், திரும்பியே பாக்கமாட்டாங்க. அதே நாள் பின்னேரம் தராசுல கொழுவினா முள்ளு நிக்க முன்னாலயே நிறுக்கிறவர் கழட்டிருவாரு, தண்ணிக்கு சாக்குக்குன்னு கிலோ வேற கழிப்பாரு, அம்மா லயத்துக்கு வந்து விரல மடிச்சு மடிச்சு கணக்கு பாத்து அழுதிருக்காங்க. நீங்க பத்திரிகைல வாசிச்ச லெஜர்டிமேன் இந்த நிறுக்கிறவரோட கை தங்கச்சி. அதுக்கு திருகுதாளம், தில்லுமுல்லுன்னு எழுதுங்க, லாவகம்னு மட்டும் எழுதிறாதீங்க, அது அம்மாவோட கைக்கு உள்ள சொல்லு.

தலவாக்கலை தங்கச்சி:
எங்க அம்மாவும் மலைக்கு போறவங்க தான் அக்கா, வாசிச்சு மனசு பாரமாயிருச்சு. கொப்பில மாத்திட்டேன். ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்னு சொல்றதும் இதே தானா?

பண்டாரவளை:
அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா ஸ்லைட் பழைய நோர்ஸ் சொல்லு, தந்திரம்கிற ஸ்லைக்கு சொந்தம், அதுனால அதுல மொதல்ல இருந்தே சூது இருக்கு. கொஞ்சம்கிற ஸ்லைட்டும் இதே சத்தம் தான், ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்னு எழுதும்போது எல்லுக்கு பின்னால ஒரு ஈ (e) கூட போடணும், நெறைய பேர் அதுல தான் மார்க்ஸ விடுறாங்க. லெஜர்டிமேன வாசிக்கும்போது கடைசி மேன்ல அழுத்துங்க.