37.8 செட் செய்தும் முட்டைகள் ஒன்றாகப் பொரியவில்லை: குறை கன்ட்ரோலரிலா, பெட்டியிலா?

கரூர் சிறுவிடை:
வணக்கம். வீட்டில் செய்த இன்குபேட்டர். தெர்மாகோல் பெட்டி, மூடியில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, சூட்டைப் பார்த்துப் பல்பை ஏற்றி அணைக்கும் டபிள்யூ 1209 கன்ட்ரோலர், 37.8 டிகிரிக்கு செட் செய்திருக்கிறேன். ஃபேன் கிடையாது. சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகளை அடை வைத்தேன். பல்புக்குக் கீழே இருந்தவை 20-ஆம் நாளே பொரித்துவிட்டன. ஓரத்தில் இருந்தவை 23 வரை இழுத்தன. சிலவற்றில் குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. இன்னும் துல்லியமான கன்ட்ரோலர் வாங்கினால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா, பெட்டியையே மாற்ற வேண்டுமா?

வயரிங் தம்பி:
புதிது வாங்கும் முன்பு இருப்பதைச் சரியாக செட் செய்யுங்கள் அண்ணா. அந்த போர்டு வரும்போது பி1 என்கிற செட்டிங் 2 டிகிரியில் இருக்கும். அதாவது 37.8-இல் பல்பு அணைந்தால், 35.8-க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி எரியும். அணைந்த பிறகும் பல்பில் மிச்சமிருக்கும் சூட்டால் பெட்டி கொஞ்சம் ஏறும். பெட்டி நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். செட் பட்டனை அழுத்திப் பிடித்து மெனுவுக்குள் போய் பி1-ஐ 0.2 அல்லது 0.3 ஆக்குங்கள்.

அடுத்தது பி4. அது சென்சார் காட்டும் தவறைத் திருத்த. ஒரு டம்ளரில் 38 டிகிரி சூட்டில் தண்ணீர் எடுத்து, சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் நுனியோடு நுனி சேர்த்து முக்கிக் கலக்குங்கள். இரண்டும் காட்டும் வித்தியாசத்தை பி4-இல் போடுங்கள். ஒரு டிகிரி பிசகு சாதாரணமாக இருக்கும். இதைச் செய்யாமல் வேறு எதைப் பேசியும் பயனில்லை.

அடைக்கூடை:
தம்பி சொன்ன இரண்டும் செய்ய வேண்டியவைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. கன்ட்ரோலர்தான் குறை என்றால் எல்லா முட்டையும் சேர்ந்து முந்தும், அல்லது சேர்ந்து பிந்தும். இங்கே ஒரே பெட்டியில் மூன்று நாள் வித்தியாசம். இடத்துக்கு இடம் சூடு மாறுகிறது என்றுதான் அர்த்தம். சென்சார் இருக்கும் ஒரே ஒரு புள்ளியை 0.1 துல்லியத்தில் பிடித்து வைத்து என்ன செய்வது? மூலையில் கிடக்கும் முட்டைக்கு அது தெரியாது.

இன்னொன்று, 37.5 முதல் 37.8 என்பது ஃபேன் ஓடும் பெட்டிக்கான கணக்கு. ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கும், கீழே குறையும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை இருக்க வேண்டும். கரூர் தம்பி, உங்கள் சென்சார் எந்த உயரத்தில் தொங்குகிறது?

கரூர் சிறுவிடை:
மூடியிலிருந்து தொங்குகிறது அக்கா. முட்டைக்கு நாலு விரற்கடை மேலே, பல்புக்குப் பக்கம்.

அடைக்கூடை:
அப்படியானால் அது பல்பின் சூட்டைத்தான் அளக்கிறது. ஓரத்து முட்டைகள் அதற்குக் கீழே குளிர்ந்து கிடந்திருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, 12 வோல்ட், அதைப் போடுங்கள். இரண்டு தண்ணீர் பாட்டில்களை நிரப்பி உள்ளே வையுங்கள். மூடியைத் திறந்தாலும், கரண்ட் போனாலும் பாட்டில் தண்ணீர் சூட்டைப் பிடித்து வைக்கும். அதன் பிறகு காற்று ஒரு டிகிரி ஏறி இறங்கினாலும் கவலைப்படாதீர்கள். முட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்; காற்று வேகமாக மாறும், முட்டை மெதுவாகத்தான் மாறும். அடைக்கோழி தினமும் இரை எடுக்கக் கால் மணி நேரம், இருபது நிமிடம் எழுந்து போகிறது. குஞ்சு பொரிக்காமலா இருக்கிறது?

வேண்டுமானால் சென்சாரையே தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலுக்குள் வைத்துவிடுங்கள். முட்டைக்குள் உள்ள சூட்டையே கன்ட்ரோலர் பார்க்கும்.

வயரிங் தம்பி:
அக்கா, கடைசியில் சொன்னதை யாரும் செய்துவிடக் கூடாது. பாட்டில் தண்ணீர் சூடேற நேரமாகும். அது 37.8-ஐத் தொடும்வரை பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அதற்குள் காற்று 40-ஐத் தாண்டிவிடும். பல்பை ஓட்டும் சென்சார் காற்றில்தான் இருக்க வேண்டும், முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்பின் வெளிச்சம் நேராகப் படாத இடத்தில். தண்ணீருக்குள் வைப்பது நாம் பார்ப்பதற்கான இரண்டாவது தெர்மாமீட்டர் மட்டும்.

அடைக்கோழி எழுந்து போவதையும் இதற்கு ஆதாரமாக எடுக்க முடியாது. கோழி போனால் முட்டை குளிரும். குளிர்ந்த முட்டை தாமதமாகவாவது பொரிக்கும். சூடு மிஞ்சினால் அப்படி இல்லை. ஒரு டிகிரி கூடினாலே நாள் முந்தும், தொப்புள் மூடாத குஞ்சு வரும். 40-க்கு மேல் சில மணி நேரம் நின்றால் கரு செத்தும் போகலாம். கீழ்ப்பக்கம் இருக்கும் தாராளத்தை மேல்பக்கத்துக்கும் கொடுக்கக் கூடாது. அதனால்தான் நான் 0.2-ஐ விடாமல் சொல்கிறேன்.

அடைக்கூடை:
சென்சார் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. பல்பை ஓட்டுவது காற்றில் இருக்கட்டும், பார்ப்பது தண்ணீரில் இருக்கட்டும். சூடு மிஞ்சுவது ஆபத்து என்பதிலும் சண்டை இல்லை. ஆனால் ஃபேன் இல்லாத பெட்டியில் 0.2 வைத்தால் பல்பை ஏற்றி அணைக்கும் சுவிட்சான ரிலே நொடிக்கொரு தரம் டிக் டிக் என்று அடிக்கும், மூலை குளிர்ந்தபடியேதான் இருக்கும். முதலில் ஃபேன், பிறகு செட்டிங். இந்த வரிசை மாறக் கூடாது.

பொள்ளாச்சி காடை:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கன்ட்ரோலருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. கரூர் பரமத்தியில் சித்திரை, வைகாசியில் 40-ஐத் தாண்டுவது வானிலைச் செய்தியில் அடிக்கடி வருவது. ஓட்டு வீட்டில் மத்தியானம் அறையே 38 என்றால் பல்பு அணைந்தே கிடக்கும், பெட்டி ஏறிக்கொண்டே போகும். எந்த மாதம் வைத்தீர்கள் அண்ணா? கடைசி வாரத்தில் இன்னும் மோசம். அதற்குள் கரு வளர்ந்து தானே சூட்டை வெளியிடும். முட்டையின் சூடு சுற்றியுள்ள காற்றைவிட ஒரு டிகிரிக்கும் மேலேகூடப் போகும். ஒரே நாளில் வைத்த முட்டைகளைக் கடைசிவரை ஒன்றாக ஓட்டும் பெரிய பொரிப்பகங்களில் நாள் ஆக ஆக மெஷினின் சூட்டைப் படிப்படியாகக் குறைப்பது இதனால்தான்.

கரூர் சிறுவிடை:
சித்திரையில்தான். அறை மாடியில், மேற்குச் சுவரை ஒட்டி.

பொள்ளாச்சி காடை:
பெட்டியைக் கீழே, வெயில் படாத உள் அறைக்கு மாற்றுங்கள். 18-ஆம் நாளுக்குப் பிறகு ஈரப்பதத்தை 65, 70-க்கு ஏற்றும்போது காற்று ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். ஓட்டுக்குள் செத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்புறம், பொறுக்கி வைக்கும் முட்டைகளையும் கவனியுங்கள். வெயில் காலத்தில் சமையலறை மேடையில் ஒரு வாரம் கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட முட்டைகளை வைத்தால் எந்த மெஷினிலும் ஒன்றாகப் பொரிக்காது.

வயரிங் தம்பி:
இடம் மாற்றுவது சரி. நான் இன்னொரு ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டால் டிஸ்ப்ளே என்ன காட்டினாலும் பல்பு அணையாது. மலிவு போர்டில் இது நடக்கும். பல்பின் வயரில் இன்னொரு தெர்மோஸ்டாட்டைத் தொடராக மாட்டி, 38.5-இல் அணையும்படி வையுங்கள். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும்.

அடைக்கூடை:
அதற்கு இன்னொரு போர்டு எதற்கு? பல்பைச் சின்னதாக்குங்கள். நல்ல தெர்மாகோல் பெட்டிக்கு 60 வாட் அதிகம். விடாமல் எரிந்தாலும் 39-க்கு மேல் போக முடியாத அளவுக்கு வாட்டைக் குறைத்துவிட்டால் ரிலே ஒட்டினாலும் முட்டை வேகாது. பல்பு மெதுவாக ஏற்றும், மெதுவாக இறங்கும், ஏற்ற இறக்கமே குறையும்.

வயரிங் தம்பி:
சித்திரையில் அளந்து வாட்டைக் குறைத்தால் மார்கழி ராத்திரியில் அதே பல்பு 36-ஐக் கூடத் தொடாது. மார்கழிக்கு அளந்தால் சித்திரையில் ரிலே ஒட்டும்போது முட்டை வெந்துவிடும். நம் ஊரில் இரண்டு காலத்துக்கும் ஒரே வாட் என்பது நடக்காது அக்கா. இரண்டு 25 வாட் பல்பு போடலாம். ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று இருக்கும். ஆனால் இரண்டாவது தெர்மோஸ்டாட் வேண்டும்.

அடைக்கூடை:
குளிர் காலத்துக்கு ஒரு பல்பு கூட, வெயில் காலத்துக்கு ஒன்று குறைவு. கழற்றி மாட்டுவது ஒரு நிமிட வேலை. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், இரண்டாவது போர்டு இல்லாமல்.

கரூர் சிறுவிடை:
இரண்டு 25 வாட், ஃபேன், இரண்டாவது தெர்மோஸ்டாட், மூன்றையும் போட்டுவிடுகிறேன். அக்கா, காசு போனாலும் பரவாயில்லை, கரண்ட் வேலையில் எனக்குப் பயம். ஃபேனை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

வயரிங் தம்பி:
காற்று பல்பின் மேல் அடித்து எதிர்ச் சுவரில் திரும்பட்டும், முட்டை மேல் நேராக வேண்டாம், காய்ந்துவிடும். ஃபேனை ரிலே வழியாகக் கொடுக்காதீர்கள். தனி 12 வோல்ட் அடாப்டரில் எப்போதும் ஓட வேண்டும், பல்பு அணைந்திருக்கும்போதும்.

அடைக்கூடை:
ஃபேன் வந்த பிறகு 37.6-க்கு செட் செய்யுங்கள். முட்டை வைக்கும் முன்பு பாட்டிலோடு வெறும் பெட்டியை ஒரு பகல் ஒரு ராத்திரி முழுதாக ஓட்டுங்கள். தெர்மாமீட்டரை நாலு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்து எழுதி, அந்த எண்களை இங்கே போடுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் முட்டை வைக்க வேண்டாம், முதலில் ஃபேனை நகர்த்திப் பார்ப்போம்.